ஒரே பெட்டிக்குள் இரண்டு கிராபிக்ஸ் கார்டு

போன இதழில், புதுக் கிராபிக்ஸ் கார்டு வாங்கியவர்கள் பழையதைத் தூக்கிப் போட வேண்டாம் என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்கள்தான் இந்த மாதம் முழுக்க. எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே ஆசை: கையில் இருக்கும் இரண்டு கார்டையும் ஒன்றாக மாட்டி, இரண்டின் பலத்தையும் ஒரே கேமில் வாங்கிவிட வேண்டும். எனக்கும் அந்த ஆசை இருந்தது. அதற்காகப் பல இரவுகள் கண் விழித்திருக்கிறேன். அதனால் இந்த முறை மற்றக் கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அக்கா, என்னிடம் ஜிடிஎக்ஸ் 1060 கார்டு இருக்கிறது, 6 ஜிபி. இப்போது ஆர்எக்ஸ் 6600 வாங்கியிருக்கிறேன், அது 8 ஜிபி. மதர்போர்டில் இன்னொரு நீள ஸ்லாட் காலியாகக் கிடக்கிறது. இரண்டையும் மாட்டினால் கேமுக்கு 14 ஜிபி மெமரி கிடைக்குமா? வேகம் கூடுமா? (கல்லூரி மாணவர் ஒருவர்)

பதில்: மாட்டலாம். 1060 என்விடியா கார்டு, 6600 ஏஎம்டி கார்டு; பிராண்டு வேறானாலும் இரண்டும் வேலை செய்யும். டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் ஜிபியு 0, ஜிபியு 1 என்று இரண்டும் தெரியும். ஆனால் நீங்கள் கேட்ட 14 ஜிபியும் கிடைக்காது, வேகமும் கூடாது.

முதலில் மெமரி. ஆர்எக்ஸ் 6600 தன் மேலேயே இருக்கும் 8 ஜிபி மெமரியோடு நொடிக்கு 224 ஜிபி வேகத்தில் பேசுகிறது. 1060 தன் 6 ஜிபியோடு 192 ஜிபி வேகத்தில். பக்கத்துக் கார்டின் மெமரியைத் தொட வேண்டுமென்றால் மதர்போர்டு வழியாகத்தான் போக வேண்டும். நீங்கள் சொல்லும் இரண்டாவது ஸ்லாட், பார்க்க நீளமாக இருந்தாலும், பல மதர்போர்டுகளில் 4 லேன்தான், அதாவது தகவல் போக நான்கு பாதைதான். அந்த ஸ்லாட்டின் தரமான பிசிஐ எக்ஸ்பிரஸின் 3.0 தலைமுறையில் 4 லேன் என்றால் நொடிக்கு 4 ஜிபிக்கும் சற்றுக் குறைவு. 224 எங்கே, 4 எங்கே! ஒரு சுவரின் படத்தை வரைய ஒவ்வொரு முறையும் அந்தச் சந்து வழியாகப் போய்வந்தால் கேம் நகரவே நகராது. அதனால்தான் இரண்டு கார்டுகளைச் சேர்த்து ஓட்டிய காலத்திலும் ஒரே படங்களை இரண்டு கார்டிலும் நகலெடுத்து வைத்துக்கொள்வார்கள். 2 ஜிபி கார்டு இரண்டு மாட்டியவருக்கு அன்றும் கேமில் 2 ஜிபிதான்.

அடுத்து வேகம். இரண்டு கார்டும் ஒரே கேமை வரைய வேண்டுமானால் வழக்கமாகச் செய்தது இப்படி: முதல் ஃபிரேமை, அதாவது திரையில் வரும் ஒரு படத்தை, ஒரு கார்டு வரையும், அடுத்ததை இன்னொன்று, மூன்றாவதை மறுபடியும் முதல் கார்டு. உங்கள் புதுக் கார்டு ஒரு ஃபிரேமுக்கு 10 மில்லிசெகண்டு எடுக்கிறது, பழையது 20 எடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தனித்தனியாக ஓடினால் புதுசு நொடிக்கு 100 ஃபிரேம், பழசு 50. சேர்ந்தால் 150 என்று மனசு கணக்குப் போடும். ஆனால் முறை வைத்து வரையும்போது, பழையது தன் ஒரு ஃபிரேமை முடிப்பதற்குள் புதுசு தன்னுடையதை முடித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். 20 மில்லிசெகண்டுக்கு இரண்டு ஃபிரேம், அதாவது நொடிக்கு 100. புதுசு தனியாகவே கொடுத்த அதே 100! பழையது 25 மில்லிசெகண்டு எடுக்கும் கார்டு என்றால் 80-க்கு இறங்கிவிடும். ஏறுமாறான இரண்டு மாடுகளை ஒரே நுகத்தில் பூட்டினால் நடை, மெதுவான மாட்டின் நடைதான்.

இதை நான் புத்தகக் கணக்காகச் சொல்லவில்லை. 2013-இல் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த இரண்டு கார்டுகளைச் சேர்த்து மாட்டினேன். ஒன்று மற்றதைவிட ஒரு படி கீழே, அவ்வளவுதான். மாட்டியதும் திரையின் மூலையில் நொடிக்கு 90 ஃபிரேம் என்ற எண் வந்தது. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம் கொஞ்ச நஞ்சமில்லை. கேமைத் தொடங்கி ஒரு தெருவில் நடந்து பார்த்தேன். கண்ணுக்கு 45 போல இருந்தது. இரண்டு ஃபிரேம் ஒட்டிக்கொண்டு வரும், அப்புறம் ஓர் இடைவெளி, மறுபடியும் இரண்டு ஒட்டிக்கொண்டு வரும். எண் சராசரியைத்தான் காட்டும். கண் இடைவெளியைப் பார்க்கும். மைக்ரோ ஸ்டட்டர் என்று இதற்குப் பெயர். இரண்டு வாரம் டிரைவரை (கார்டை இயக்கும் மென்பொருளை) மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். கடைசியில் சிறிய கார்டைக் கழற்றி வைத்தேன். எண் 60-க்கு இறங்கியது. கேம் வழுக்கிக்கொண்டு ஓடியது.

ஒரு காலத்தில் இந்த வித்தை அருமையாகவே நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1998-இல் 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ2 கார்டு இரண்டைச் சேர்த்தால் ஒன்று ஒற்றை வரிகளையும் மற்றது இரட்டை வரிகளையும் வரையும். எஸ்எல்ஐ என்ற பெயர் அங்கே பிறந்ததுதான். அந்த நிறுவனத்தின் தொழில்நுட்பத்தை வாங்கிக்கொண்ட என்விடியா, 2004-இல் அதே மூன்றெழுத்தை வேறு விரிவோடு மறுபடியும் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே, பின்னாளில் ஏஎம்டியோடு சேர்ந்த ஏடிஐ நிறுவனம், இதே வேலைக்குக் கிராஸ்ஃபயரோடு வந்தது. எஸ்எல்ஐயில் இரண்டு கார்டிலும் ஒரே சிப், ஒரே மெமரி அளவு இருந்தாக வேண்டும். தயாரித்தவர் வேறாக இருக்கலாம். கிராஸ்ஃபயர் கொஞ்சம் இளகிய மனசு. எச்டி 7970-ஐயும் 7950-ஐயும் சேர்க்க அனுமதித்தது. ஆனால் என்விடியாவையும் ஏஎம்டியையும் சேர்த்து ஒரே கேமை வரைய இரண்டுமே விடவில்லை.

அதற்கும் முயன்றவர்கள் இருந்தார்கள். லூசிட் என்ற நிறுவனம் ஹைட்ரா என்று ஒரு சிப் செய்தது. 2010 தொடக்கத்தில் எம்எஸ்ஐ அதை வைத்து பிக் பேங் ஃபியூஷன் என்ற மதர்போர்டை வெளியிட்டது. கேம் அனுப்பும் வரைதல் கட்டளைகளை இடைமறித்து, எந்தக் கார்டுக்கு எவ்வளவு தாங்கும் என்று பார்த்துப் பிரித்துக் கொடுக்கும். எவ்வளவு அழகான எண்ணம்! ஆனால் புதுக் கேம் வரும்போதெல்லாம் அதற்கேற்ப மென்பொருளைத் திருத்த வேண்டியிருந்தது, ஈடுகொடுக்க முடியவில்லை. 2015-இல், கேமுக்கும் கார்டுக்கும் நடுவே நிற்கும் மைக்ரோசாஃப்ட் மென்பொருளான டைரக்ட்எக்ஸ் 12 வந்தபோது, வேறு வேறு கார்டுகளைச் சேர்க்கும் பொறுப்பைக் கேம் எழுதுபவர் கையிலேயே கொடுத்தார்கள். ஆஷஸ் ஆஃப் த சிங்குலாரிட்டி என்ற கேம் அதைச் செய்தும் காட்டியது. என்விடியா ஒன்று, ஏஎம்டி ஒன்று, இரண்டும் சேர்ந்து ஒரே போர்க்களத்தை வரைந்தன. அந்தக் கேமை எழுதியவர்கள் மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு. அந்த வழியில் பின்னால் வந்தவர்கள் மிகச் சிலரே.

இன்றைய கேம்களில் இன்னொரு தடையும் சேர்ந்துவிட்டது. விளிம்புகளை மென்மையாக்குவது, சிறிதாக வரைந்த படத்தைப் பெரிதாக்கும் டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் எல்லாம் பெரும்பாலும் முந்தைய ஃபிரேமின் தகவலை எடுத்துத்தான் இந்த ஃபிரேமை முடிக்கின்றன. அந்த முந்தைய ஃபிரேம் பக்கத்துக் கார்டில் மாட்டிக்கொண்டிருந்தால், முறை வைத்து வரைவதற்கே பொருளில்லை. என்விடியா 2021 ஜனவரி முதல் ஒவ்வொரு கேமுக்கும் தனியாக எழுதும் எஸ்எல்ஐ புரொஃபைல்களைப் புதிதாகச் சேர்ப்பதை நிறுத்தியது. ஆர்டிஎக்ஸ் 30 வரிசையில் 3090 கார்டுகளுக்கு மட்டும் இரண்டு கார்டை இணைக்கும் பல் இருந்தது. 40 வரிசையில் அதுவும் இல்லை. ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 5700 வரிசையில், 2019-லேயே, கிராஸ்ஃபயர் இல்லை.

ஆகவே இரண்டு கார்டையும் ஒரே வேலையில் பூட்டாதீர்கள். 1060-க்கு வேறு ஒரு வேலை கொடுங்கள். என்ன வேலை என்பதைக் கொஞ்சம் கீழே இன்னொரு வாசகருக்கு எழுதியிருக்கிறேன், படியுங்கள்.

கேள்வி: என்னிடம் இரண்டு கார்டுமே 1060தான். ஒன்று 3 ஜிபி, ஒன்று 6 ஜிபி. எஸ்எல்ஐ பிரிட்ஜ் மாட்டும் இடம் தெரியவில்லையே?

பதில்: தெரியாது, ஏனென்றால் இல்லை. 1060-இல் எஸ்எல்ஐ வசதியே கொடுக்கப்படவில்லை. அப்புறம், பெயர் ஒன்றாக இருந்தாலும் உங்கள் இரண்டு கார்டும் ஒன்றல்ல. 6 ஜிபி கார்டில் 1280 கோர், 3 ஜிபியில் 1152 கோர். கேமுக்கு 6 ஜிபியை வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: லாஸ்லெஸ் ஸ்கேலிங் என்ற செயலியில் இரண்டாவது கார்டைப் பயன்படுத்தி ஃபிரேம்களை இரட்டிப்பாக்கலாம் என்கிறார் என் நண்பர். பிராண்டு வேறாக இருந்தாலும் நடக்குமாம். உண்மையா அக்கா? எப்படி மாட்ட வேண்டும்?

பதில்: உண்மைதான். பொருந்தாத ஜோடிக்கு இன்று இருப்பதிலேயே உருப்படியான வேலை இதுதான் என்பது என் கருத்து. ஏன் இது நடக்கிறது, எஸ்எல்ஐ ஏன் நடக்கவில்லை என்று புரிந்துகொண்டால் மாட்டுவதில் தவறு வராது.

இங்கே இரண்டு கார்டும் ஒரே வேலையைப் பங்கு போடவில்லை. பெரிய கார்டு கேமை வரைகிறது. வரைந்து முடித்த படம் மட்டும் மதர்போர்டு வழியாகச் சிறிய கார்டுக்குப் போகிறது. சிறியது முன் படத்தையும் பின் படத்தையும் பார்த்து நடுவில் ஒரு படத்தை உருவாக்கித் திரைக்கு அனுப்புகிறது. சிறியதுக்குக் கேமின் மெமரி தேவையில்லை, கேமைப் பற்றி எதுவும் தெரிய வேண்டியதில்லை. அதனால் பிராண்டு வேறாக இருப்பதும் வயது வேறாக இருப்பதும் பிரச்சினையே இல்லை.

ஒரே கார்டிலேயே இதைச் செய்யலாமே என்று கேட்பீர்கள். செய்யலாம், ஆனால் நடுப்படம் உருவாக்குவதும் ஒரு சுமைதான். என் கணினியில் ஆர்டிஎக்ஸ் 3060 டிஐ இருக்கிறது. நொடிக்கு 72 ஃபிரேமில் ஓடிய ஒரு கேம், இந்தச் செயலியை அதே கார்டில் போட்டதும் 58-க்கு இறங்கியது. அந்த 58-ஐத்தான் அது இரட்டிப்பாக்கியது. ஒரு சின்ன ஆர்எக்ஸ் 6400-ஐ இரண்டாவது ஸ்லாட்டில் மாட்டி வேலையை அதனிடம் கொடுத்தேன். அடிப்படை 71-இல் நின்றது. 6400-க்குத் தனி பவர் கேபிள்கூட வேண்டாம், 53 வாட்தான், ஸ்லாட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளும்.

மானிட்டர் கேபிளை எதில் செருகுவது என்பதில்தான் பலர் தவறு செய்கிறார்கள். இரண்டாவது கார்டில், சிறியதில் செருக வேண்டும். கை தானாகப் பெரிய கார்டுக்குத்தான் போகும். பெரியதில் செருகினால், படம் சிறியதுக்குப் போய், நடுப்படத்தோடு மறுபடி பெரியதுக்குத் திரும்பி வரும். வழி இரட்டிப்பாகி எல்லாம் தாமதமாகும். இதனால் இன்னொன்றும் நடக்கும்: ஃப்ரீசிங்க் (மானிட்டரைக் கேமின் வேகத்தோடு ஒத்துப்போக வைப்பது), அதிகபட்ச ரெஃப்ரெஷ் ரேட் எல்லாம் சிறிய கார்டு எவ்வளவு கொடுக்குமோ அவ்வளவுதான். பழைய கார்டின் எச்டிஎம்ஐ உங்கள் மானிட்டரின் 144 ஹெர்ட்ஸைத் தாங்காமல் போகலாம். டிஸ்பிளேபோர்ட்டில் செருகிப் பாருங்கள்.

அடுத்து விண்டோஸிடம், கேமைப் பெரிய கார்டில்தான் ஓட்ட வேண்டும் என்று சொல்ல வேண்டும். அமைப்புகளில் டிஸ்பிளே, அதற்குள் கிராபிக்ஸ். அந்தக் கேமைத் தேர்ந்தெடுத்துப் பெரிய கார்டைக் குறியுங்கள். லாஸ்லெஸ் ஸ்கேலிங் செயலிக்குள் சிறிய கார்டைக் குறியுங்கள். பிறகு கேமை ஓட்டிக்கொண்டே டாஸ்க் மேனேஜரில் பாருங்கள். பெரியது 90 சதவீதத்துக்கு மேலும், சிறியது அதைவிடக் குறைவாகவும் ஓடினால் சரியாக மாட்டியிருக்கிறீர்கள். சிறியதே 100-ஐத் தொட்டுவிட்டால் அந்தக் கார்டுக்கு இந்த வேலை தாங்கவில்லை.

ஸ்லாட் போதுமா என்பதை நீங்களே கணக்குப் போடலாம். 1920 க்கு 1080 திரையில் ஒரு படம், புள்ளிக்கு 4 பைட் வீதம், ஏறக்குறைய 8.3 எம்பி. நொடிக்கு 60 படம் என்றால் 500 எம்பி. 3.0-இல் 4 லேன் ஸ்லாட் இதைச் சுலபமாகத் தாங்கும். 4கே திரையில் ஒரு படமே 33 எம்பி. நொடிக்கு 120 அனுப்பினால் 4 ஜிபி, அதே ஸ்லாட் நிரம்பி வழிகிறது. 4கே ஆடுபவர்களுக்கு 4.0-இல் 4 லேனாவது வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். 1 லேன் குட்டி ஸ்லாட்டில் ரைசர் கேபிள் போட்டு மாட்ட நினைப்பவர்கள் விட்டுவிடுங்கள்.

ஒரு குறை உண்டு, அதை மறைக்கக் கூடாது. நடுப்படம் உருவாக்க வேண்டுமானால் அடுத்த படம் வரும்வரை காத்திருந்தாக வேண்டும். 60-இல் ஓடும் கேமில் ஒரு படத்துக்கு 16.7 மில்லிசெகண்டு. அந்தத் தாமதம் உங்கள் மௌஸில் தெரியும். நிதானமாக ஊர் சுற்றும் கேம்களில் எனக்கு அது உறுத்துவதே இல்லை. ஒருவரை ஒருவர் சுடும் ஆன்லைன் போட்டிகளில் இதைப் போடாதீர்கள். அடிப்படை 30-இல் திணறும் கேமையும் இது காப்பாற்றாது. நகரும் கைகளைச் சுற்றிப் படம் கலங்கித் தெரியும்.

முதல் கேள்வி கேட்ட மாணவருக்கும் இதே பதில். 6600 வரையட்டும், 1060 நடுப்படம் செய்யட்டும், மானிட்டர் 1060-இல். இரண்டு பிராண்டின் டிரைவரும் ஒரே விண்டோஸில் இருக்கலாமா என்று பயப்பட வேண்டாம். விஸ்டாவில்தான் அது முடியாமல் இருந்தது, விண்டோஸ் 7 முதல் முடிகிறது. பழைய டிரைவரை நீக்காமலேயே புதியதை நிறுவுங்கள்.

கேள்வி: பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகன், தன் ஆர்டிஎக்ஸ் 3070-உடன் பழைய ஜிடிஎக்ஸ் 1650-ஐயும் மாட்டப் போவதாகச் சொல்கிறான். கணினியில் இருப்பது 450 வாட் பவர் சப்ளை. கேபிள் போதவில்லை, ஏதோ அடாப்டர் வாங்க வேண்டும் என்கிறான். எனக்கு இது எதுவும் தெரியாது. ஆபத்து ஏதும் உண்டா? (தந்தை ஒருவர்)

பதில்: ஐயா, நீங்கள் எழுதிக் கேட்டது நல்லதாயிற்று. தயவுசெய்து இப்போதைக்கு நிறுத்தச் சொல்லுங்கள்.

3070 கார்டு மட்டும் 220 வாட் எடுக்கும். அந்த ஒரு கார்டுக்கே 650 வாட் பவர் சப்ளை வேண்டும் என்று என்விடியா சொல்கிறது. காரணம், கார்டு கண நேரத்துக்குத் தன் அளவையும் மீறி மின்சாரத்தை இழுக்கும். 1650 இன்னொரு 75 வாட். ப்ராசஸர், ஃபேன், டிஸ்க் எல்லாவற்றையும் கூட்டினால் 450 எல்லையை முட்டிவிடும். இரண்டாவது கார்டு இல்லாமலேயே அந்தக் கணினி விளிம்பில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்த அடாப்டர்தான் எனக்கு அதைவிடக் கவலை. டிஸ்குக்குப் போகும் சாட்டா கேபிளை, கார்டுக்கான 6 பின்னாக மாற்றும் அடாப்டராக இருக்கும். சாட்டா பவர் முனையில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின்கள், ஒவ்வொன்றும் 1.5 ஆம்பியர். பெருக்கிப் பாருங்கள், 54 வாட். கார்டோ அந்த 6 பின்னிடம் 75 வாட் வரை கேட்கலாம். நான் ஒருமுறை அவசரத்தில் இப்படி ஒன்றை மாட்டினேன். அரை மணி நேரத்தில் பிளாஸ்டிக் கருகும் வாசனை வந்தது. கழற்றியபோது முனை உருகி ஒட்டிக்கொண்டிருந்தது. நல்லவேளையாக நான் அறையில் இருந்தேன். அன்றிலிருந்து யாராவது இந்த அடாப்டரைக் கையில் எடுத்தால் வாங்கி வைத்துவிடுகிறேன்.

மகனின் ஆர்வத்தை அணைக்க வேண்டாம். நல்ல தரமான 750 வாட் பவர் சப்ளைக்கு மாறினால் அவர் கேட்பதைச் செய்யலாம். 1650-இல் தனி பவர் முனை இல்லாத வகையும் உண்டு, உள்ள வகையும் உண்டு. இல்லாத வகை என்றால் ஸ்லாட் தரும் 75 வாட்டே அதற்குப் போதும், அடாப்டர் பேச்சே வராது. புதுப் பவர் சப்ளையோடு வரும் கேபிள்களை மட்டும் பயன்படுத்தச் சொல்லுங்கள். பழையதன் கேபிள் முனை பார்க்க ஒன்றுபோல இருக்கும், பொருந்தும்கூட, ஆனால் உள்ளே பின்களின் வரிசை மாறியிருக்கலாம். அப்படி மாட்டி டிஸ்கும் மதர்போர்டும் ஒரே நொடியில் போன கணினிகள் என் மேசைக்கு வந்திருக்கின்றன.

கேள்வி: இரண்டாவது கார்டை மாட்டிய நாளிலிருந்து என் கேம் முன்பைவிட மெதுவாகிவிட்டது. எங்கே தப்பு?

பதில்: மூன்று இடங்களில் தேடுங்கள். வெப்பத்தை முதலில் பார்க்கச் சொல்வேன், ஏனென்றால் அதுதான் பெரும்பாலும் காரணமாக இருக்கிறது. மேல் கார்டின் ஃபேன்கள் கீழே பார்த்தபடி இருக்கும். அவற்றுக்கு அடியில் ஒரு விரல் இடைவெளியில் இன்னொரு கார்டு வந்துவிட்டால், இழுக்கக் காற்று இல்லை. கார்டு சூடாகித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கேபினெட் பக்க மூடியைக் கழற்றிவிட்டுப் பத்து நிமிடம் ஆடிப் பாருங்கள். வேகம் திரும்பினால் காரணம் தெரிந்துவிட்டது.

திரும்பாவிட்டால் ஜிபியு-இசட் செயலியில் பெரிய கார்டு எத்தனை லேனில் ஓடுகிறது என்று பாருங்கள். சில மதர்போர்டுகளில் இரண்டாவது ஸ்லாட் நிரம்பியதும் முதல் ஸ்லாட் 16-இலிருந்து 8 லேனாகப் பிரிந்துவிடும். 4.0-இல் இதனால் பெரிய இழப்பு இல்லை. மூன்றாவது, மானிட்டர். பூத் ஆகும்போது திரையில் எதுவும் வராததால் கேபிளை மாற்றிச் செருகி, அப்படியே விட்டுவிட்டீர்களா என்று யோசித்துப் பாருங்கள்.

கேள்வி: புது ஆர்டிஎக்ஸ் 5060-இல் பார்டர்லேண்ட்ஸ் 2 ஆடினால், பிஸிக்ஸ் போட்டதும் திணறுகிறது. இதற்காகவே பழைய ஜிடிஎக்ஸ் 1050 டிஐ-யைக் கூட மாட்டி வைத்திருக்கிறேன். டிரைவரைப் புதுப்பித்தால் பழைய கார்டு காணாமல் போய்விடுகிறது!

பதில்: இந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்தேன், ஏனென்றால் உங்கள் நோயும் மருந்தும் ஒரே டிரைவரில் இருக்கின்றன. ஆர்டிஎக்ஸ் 50 வரிசை 2025 தொடக்கத்தில் வந்தபோது பழைய கேம்களின் பிஸிக்ஸ் (பொருள்கள் நொறுங்குவதையும் அசைவதையும் கணக்கிடும் என்விடியா வசதி) ஓடத் தேவையான 32 பிட் CUDA (கார்டில் கணக்குகளை ஓட்டும் என்விடியா மென்பொருள்) ஆதரவு அதில் இல்லை. அதை நம்பியிருந்த பழைய கேம்களில் கண்ணாடி நொறுங்குவதும் துணி பறப்பதும் ப்ராசஸர் தலையில் விழுந்தது. அதனால் பலர் உங்களைப் போலவே பழைய கார்டு ஒன்றைப் பிஸிக்ஸுக்கென்று மாட்டினார்கள். நல்ல யோசனைதான். பிறகு 2025 டிசம்பரில் வந்த 591.44 டிரைவரில், குறிப்பிட்ட சில கேம்களுக்கு மட்டும் அந்த ஆதரவைத் திருப்பிக் கொடுத்தார்கள். பார்டர்லேண்ட்ஸ் 2 அதில் உண்டு. அதே டிரைவரிலிருந்துதான் 1050 டிஐ இருக்கும் பாஸ்கல் தலைமுறைக்கு ஆதரவு நின்றது.

இரண்டு என்விடியா கார்டுகளை மாட்டும்போது எப்போதும் வரும் சிக்கல் இது. இரண்டுக்கும் ஒரே டிரைவர்தான். அந்த டிரைவர் இரண்டு தலைமுறையையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். பிராண்டு வேறாக இருந்தால் இந்தத் தொல்லை இல்லை என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும்.

நீங்கள் செய்ய வேண்டியது: 1050 டிஐ-யைக் கழற்றுங்கள், புது டிரைவரைப் போடுங்கள், கேம் சரியாகிவிடும். அந்தப் பட்டியலில் இல்லாத வேறு பழைய கேமுக்காக இரண்டாவது கார்டு வேண்டுமென்றால் ஜிடிஎக்ஸ் 1650 போல டூரிங் தலைமுறைக் கார்டாகத் தேடுங்கள். அதை மாட்டியபின் என்விடியா கண்ட்ரோல் பேனலில் பிஸிக்ஸுக்கு எந்தக் கார்டு என்று குறிக்க மறக்காதீர்கள்.

கேள்வி: கேம் இல்லாத வேலைகளில் இரண்டு கார்டின் மெமரியும் சேருமா? 3060 (12 ஜிபி), 2060 (6 ஜிபி) வைத்திருக்கிறேன்.

பதில்: மொழி மாதிரிகளை (சாட்ஜிபிடி போல எழுதிப் பேசும் ஏஐ மென்பொருள்களை) வீட்டுக் கணினியில் ஓட்டுவதில் சேரும். மாதிரியின் அடுக்குகளைப் பிரித்து, சிலவற்றை இதில், சிலவற்றை அதில் வைக்கலாம். அடுக்குகளுக்கு நடுவே கடக்கும் தகவல் கொஞ்சம்தான். முப்பரிமாணப் படம் செய்யும் பிளெண்டர் செயலியில் இரண்டு கார்டும் ஒரே படத்தைப் பங்கு போட்டு ரெண்டர் செய்யும், ஆனால் காட்சி முழுவதும் ஒவ்வொரு கார்டிலும் அடங்க வேண்டும். உங்களுக்கு எல்லை 6 ஜிபி.

கேள்வி: அக்கா, இவ்வளவு சிரமமென்றால் பழைய கார்டை வைத்திருப்பதில் என்ன பயன்? கொடுத்துவிடலாமா? (பள்ளி மாணவர்)

பதில்: தம்பி, உன் ப்ராசஸரில் உள்ளேயே கிராபிக்ஸ் இருக்கிறதா என்று முதலில் பார். இருந்தால், தேவைப்படும் நண்பனுக்குத் தாராளமாகக் கொடு. இல்லையென்றால் அந்தப் பழைய கார்டை விடாதே. ஒருநாள் கணினியைப் போட்டால் திரை கறுப்பாகவே நிற்கும். போனது கார்டா, மதர்போர்டா, மானிட்டரா, எதுவும் தெரியாது. அப்போது பழைய கார்டை மாட்டிப் படம் வந்தால், பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும். போன மாதம்கூட எனக்கு ஒரு 2 ஜிபி கிழட்டுக் கார்டுதான் கை கொடுத்தது. தூசியைத் தட்டி, பொன்னிறப் பல்லில் விரல் படாமல், அது வந்த ஆன்டிஸ்டாட்டிக் உறையிலேயே போட்டு, ஈரம் படாத இடத்தில் வை. அதற்கு எந்தப் பவர் கேபிள் வேண்டும் என்பதை உறையின் மேலேயே எழுதி ஒட்டிவிடு.